சஸ்பென்ஸ் கேமராவின் விலையில் இல்லை

நல்ல கேமராவும் பின்னணி இசையும் இல்லாத மாணவர் திரில்லர்களில் சஸ்பென்ஸை எதிர்பார்க்கக் கூடாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். தவறு. 1967இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராக ஜார்ஜ் லூகாஸ் எடுத்த ‘எலெக்ட்ரானிக் லேபிரிந்த்’ 15 நிமிடக் குறும்படம். வெறிச்சோடிய தாழ்வாரங்களில் ஒருவன் ஓடுகிறான். திரைகளின் முன் அமர்ந்தவர்கள் அவனைக் கண்காணிக்கிறார்கள். இரைச்சலோடு கலந்து வரும் அவர்களது குரல்களும் மாறிமாறி வரும் காட்சிகளும் நம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கின்றன. துரத்துபவர்களுக்குத் தெரிவது நமக்கும் தெரிகிறது, ஓடுபவனுக்குத் தெரியாது. சஸ்பென்ஸ் பிறப்பது அங்கேதான்.

திடீர்ச் சத்தம் தரும் அதிர்ச்சி ஒரு நொடியில் அடங்கிவிடும். அதனால் மாணவர் படங்களை மதிப்பிடும்போது, யாருக்கு, எது, எப்போது தெரிகிறது என்பதைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். வசதியில்லை என்று சலுகை காட்டுவது மாணவர்களின் திறமையை நம்ப மறுப்பதே.