புதுச்சேரிக்கு லீவுக்குப் போறீங்களா? அந்தப் பாறை இயற்கை இல்லை!

மே மாசம் வந்தாச்சு. சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 150 கிலோமீட்டர். லீவு விட்டதும் வண்டியை எடுத்துட்டு எல்லாரும் புதுச்சேரிக்குத்தான். தாராளமா போங்க உறவுகளே. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட தெரு, மஞ்சள் சுவர் எல்லாம் பாருங்க. சாயங்காலம் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் காந்தி சிலைகிட்ட நின்னு காற்று வாங்குங்க.

ஆனா ஒரு கேள்வி. கடலுக்கு வந்துட்டுக் கால் நனைக்க முடியாம எதுக்கு அந்தக் கருங்கல்லு மேல உட்கார்ந்திருக்கீங்க? மணல் எங்கே?

'ராக் பீச்'னு ஸ்டைலா ஒரு பேர் வெச்சு, ஏதோ ஆதிகாலத்திலிருந்தே பாறை இருந்த மாதிரி நம்மள நம்ப வெச்சுட்டாங்க. அது லாரியில் கொண்டுவந்து கொட்டின கல்! 1970களில் அங்கே போன பெரியவங்க உங்க வீட்டில் இருந்தா கேட்டுப் பாருங்க, மணல்ல விளையாடின கதை சொல்லுவாங்க.

என்ன நடந்துச்சு? நம்ம கரையில் அலை சாய்வா வந்து மோதி மணலையும் கூடவே நகர்த்திட்டுப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே போகும், வடகிழக்கில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம். 1980களின் பின்பாதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புச் சுவர்களை நீட்டினாங்க. மணல் தெற்கே தேங்கிடுச்சு. நகரத்துக்கு மணல் வரவு நின்னுபோச்சு, கடல் அரிக்கிறது மட்டும் நிற்கலை. இதைப் புரிஞ்சுக்க என்னை மாதிரி எஞ்சினியரிங் படிக்கணும்னு அவசியமே இல்லை, வீராம்பட்டினத்து மீனவர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும்.

உங்களுக்குப் போனது ஒரு செல்ஃபி ஸ்பாட். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் மக்களுக்கு? மணல் இல்லாம கரைவலை இழுக்க முடியாது, படகு ஏற்ற முடியாது, மீன் காயப்போட இடம் கிடையாது. கல் போட்டா அந்த இடம் தப்பிக்கும், அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். அப்படித்தான் எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடின்னு வரிசையா கடல் புகுந்துச்சு. கடலுக்குத் தெரியுமா எது விழுப்புரம் மாவட்டம், எது யூனியன் பிரதேசம்னு?

"இதுக்கெல்லாம் தீர்வு இல்லைங்க"ன்னு முட்டுக் கொடுக்க வர்றவங்களுக்கு: 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்புத் திட்டு ஒண்ணு இறக்கினாங்க. மாசக்கணக்கில் மணல் திரும்பி வந்துச்சு. இன்னைக்கு நீங்க கால் நனைக்கிற கொஞ்ச இடமும் அதனால கிடைச்சதுதான். கோப்பில் கையெழுத்துப் போடுறவங்க ஜன்னலுக்கு நேரே மணல் வந்துடுச்சு, குப்பத்துக்கு மட்டும் இன்னும் கல்லுதான்!

இன்னொரு கூத்து. துறைமுக முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோய் படகு தரை தட்டுது. தெற்கே மணல் குவிஞ்சு கிடக்கு, வடக்கே மணலுக்குப் பஞ்சம். அதை வாரி இந்தப் பக்கம் தொடர்ந்து கொட்டுறதுக்கு என்ன ராக்கெட் விடணுமா? ஆட்சி எத்தனை மாறிடுச்சு, ஒவ்வொருத்தரும் செஞ்சது கல் டெண்டர்தானே?

இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசட்டும். முகத்துவாரத்தில் வாரும் மணல் ஒவ்வொரு வருஷமும் வடக்குக் கரைக்கு வந்தாகணும். எவ்வளவு வாரினாங்க, எங்கே கொட்டினாங்கங்கிற கணக்கைப் பொதுவில் வைக்கணும்.

இந்த லீவுக்கு அங்கே போனா, கல்லு மேல நின்னு எடுக்கிற போட்டோவோட இந்தக் கேள்வியையும் போடுங்க.

#மணல்எங்கே #புதுச்சேரி