ஷோல்டர் பிரஸ் ஏறவே மாட்டேங்குதா? முதல்ல உங்க ஜிம்மில் இருக்கிற பிளேட்டைப் பாருங்க!

ஜிம்முக்குப் புதுசா ஒருத்தர் வந்தால் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ப்ரோ, பெஞ்ச் எவ்வளவு போடுறீங்க?" யாரும் "நின்னுக்கிட்டு தலைக்கு மேல எவ்வளவு தூக்குவீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் பலருக்குப் பதில் சொல்லக் கூச்சம். ஏனென்றால் ஸ்குவாட் ஏறியிருக்கும், டெட்லிஃப்ட் ஏறியிருக்கும், பெஞ்ச்கூட ஓரளவு ஏறியிருக்கும். ஓவர்ஹெட் பிரஸ் மட்டும் ஆறு மாசமா அதே 30 கிலோவில் நங்கூரம் போட்டு நிற்கும்.

"எனக்கு தோள் வீக் ப்ரோ", "ஜெனடிக்ஸே அப்படி" என்று பலர் ஒரு முடிவுக்கு வந்து, பார்பெல்லை வைத்துவிட்டு மெஷின் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. பிரச்னையின் ஒரு பகுதி நாம் பயிற்சி செய்யும் விதத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி, யாருமே பேசாத ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

அது என்ன ஓவர்ஹெட் பிரஸ்?

பார்பெல்லைத் தோள் உயரத்தில் பிடித்து, நின்ற நிலையில், காலால் எந்த உந்துதலும் கொடுக்காமல், கை முழுசா நீளும் வரை தலைக்கு மேல் தள்ளுவது. அவ்வளவுதான். முழங்காலை மடக்கி ஒரு தள்ளு தள்ளினால் அது புஷ் பிரஸ். கீழே இறங்கி, பாருக்கு அடியில் உடம்பை நுழைத்துப் பிடித்தால் அது ஜெர்க்.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ தூக்கினார். அந்த எடை தலைக்கு மேல் போவதற்குப் பெரும் பங்கு காலின் சக்தி. பிரஸ்ஸில் அந்தக் கால் உதவி கிடையாது. தோளும் டிரைசெப்ஸும் தள்ள வேண்டும். வயிறும் முதுகும் பிட்டமும் அசையாமல் தாங்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதுதான் ராஜா

இன்று ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என இரண்டு பிரிவுகள்தான். ஆனால் 1928 முதல் 1972 வரை கிளீன் அண்ட் பிரஸ்ஸும் சேர்த்து மூன்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வாசிலி அலெக்ஸெயெவ் பிரஸ்ஸில் மட்டும் 235 கிலோ தூக்கினார்.

அந்தப் போட்டியோடு பிரஸ் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. முக்கியக் காரணம், தீர்ப்பு சொல்வது சிரமமாகிவிட்டது. வீரர்கள் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வில் போல் வளைத்து, கிட்டத்தட்ட நின்றுகொண்டே பெஞ்ச் பிரஸ் செய்ய ஆரம்பித்தார்கள். எது பிரஸ், எது ஏமாற்று என்று நடுவர்களால் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை.

அதே காலத்தில் பவர்லிஃப்டிங் தனி விளையாட்டாக வளர்ந்தது. அதில் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் இடம்பிடித்தன. "எவ்வளவு தூக்குவ?" என்ற கேள்விக்கான பதில் மெல்ல மெல்ல பெஞ்சுக்கு மாறிப்போனது. பிரஸ் பலவீனமான பயிற்சி என்பதால் ஓரங்கட்டப்படவில்லை. போட்டி மேடை போனது, மவுசும் போனது.

அது எதுக்கு எனக்கு?

நியாயமான கேள்வி. நாம் யாரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. ஆனால் வாழ்க்கையில் எடையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிய தருணங்கள் நிறைய. ரயிலில் மேல் பெர்த்துக்கு சூட்கேஸ் ஏற்றுவது, பரணில் பாத்திர மூட்டையை வைப்பது, உயரமான ஸ்டாண்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றிக் கவிழ்ப்பது. அந்தக் கேனின் எடையும் ஒரு காலி ஒலிம்பிக் பாரின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 20 கிலோ.

இன்னொரு காரணம், நம் வேலை. காலையிலிருந்து இரவு வரை கை லேப்டாப்புக்கு முன்னால். வண்டி ஓட்டும்போதும் முன்னால். போன் பார்க்கும்போதும் முன்னால். கையைக் காதோரம் முழுசா மேலே தூக்கும் வேலையே ஒரு நாளில் வருவதில்லை. கை முழுசா மேலே போக தோள் மூட்டு மட்டும் போதாது. முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழல வேண்டும். 180 டிகிரி அசைவில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வருகிறது, சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பிலிருந்து. பெஞ்சில் படுத்திருக்கும்போது அந்த எலும்பு பலகையோடு அழுந்திக் கிடக்கும். நின்று பிரஸ் செய்யும்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யச் சொல்கிறது. அந்த 2 நாளில் ஒரு இடத்தைப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம்.

சரி, ஏன் ஏற மாட்டேங்குது?

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். பல ஜிம்களில் கிடைக்கும் மிகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. பாரில் இரண்டு பக்கமும் போட வேண்டும் என்பதால், ஒரு படி ஏறினால் 5 கிலோ கூடும்.

100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு 5 கிலோ என்பது 5 சதவீதம். சமாளிக்கலாம். 30 கிலோ பிரஸ் செய்பவருக்கு அதே 5 கிலோ கிட்டத்தட்ட 17 சதவீதம். ஸ்குவாட் செய்பவரிடம் போய், "அடுத்த வாரம் 100-லிருந்து நேரா 117 போட்டுடு" என்று சொன்னால் நம்மைப் பைத்தியம் என்பார். பிரஸ் செய்பவரிடம் மட்டும் அதையே சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். அவர் தூக்க முடியாமல் போனால், "தோள் வீக்" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். போட்டிகளில் பெண்களுக்கான பார் 15 கிலோ. நம் ஊரின் பல ஜிம்களில் அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அப்படியே இருந்தாலும், 15 கிலோ தூக்கும் ஒருவருக்கு அடுத்த படி 20 கிலோ. ஒரே தாவலில் 33 சதவீதம்! பயிற்சியில் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒரு பெண் டிரெட்மில் பக்கம் திரும்பினால், அது அவருடைய மன உறுதியின் குறை இல்லை. ஏணியில் நடுப்படிகளைப் பிடுங்கிவிட்டு ஏறச் சொன்னால் யார்தான் ஏறுவார்?

இதில் ஒரு வேடிக்கை. உலக அளவிலான பளுதூக்கும் போட்டிகளில் முன்பு எடையை 2.5 கிலோ படிகளில்தான் கூட்டுவார்கள். 2005-ல் அதை 1 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். 150, 200 கிலோ தூக்குகிறவர்களுக்கே 1 கிலோ படி கிடைக்கிறது. 25 கிலோ தூக்கும் நமக்கு 5 கிலோ படி!

தீர்வு: அரை கிலோ

அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால், படி 1 கிலோவாகிறது. 30 கிலோவில் அது வெறும் 3 சதவீதம் சொச்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 கிலோ ஏற்றினால், காகிதக் கணக்கில் வருடத்துக்கு 26 கிலோ. நடைமுறையில் காய்ச்சல் வரும், ஆபீஸ் டெட்லைன் வரும், அக்கா கல்யாணம் வரும். பாதிதான் ஏறியது என்று வைத்துக்கொண்டாலும், 30-ல் நின்றவர் 43-க்கு வந்திருப்பார்.

இது புது ஞானமும் இல்லை. கர்லாக்கட்டை சுற்றிய நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் பல எடைகளில் கட்டைகள் இருக்கும். சின்னதைச் சரியாகச் சுற்றிப் பழகியவர்தான் அடுத்ததைத் தொடுவார்.

ஜிம்மில் சின்ன பிளேட் இல்லையா? சொந்தமாக ஒரு ஜோடி வாங்கி பையில் போட்டுக்கொள்ளலாம். கணுக்காலில் கட்டும் வெல்க்ரோ எடைகளில் சமமான ஒரு ஜோடியை பாரின் இரண்டு முனைகளிலும் சுற்றலாம். அதுவும் முடியாவிட்டால் எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையை ஏற்றுங்கள். 3 செட், செட்டுக்கு 5 முறை என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, 3 செட்டிலும் 8 முறை வந்த பிறகு மட்டும் அடுத்த எடைக்குப் போங்கள்.

எப்படிச் செய்வது?

- பிடி: தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் வெளியே. முன்கை தரைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பார், விரல்களில் தொங்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியில் உட்கார வேண்டும்.
- உடம்பு: பிட்டத்தையும் தொடையையும் இறுக்குங்கள். மூச்சை இழுத்து, வயிற்றை யாரோ குத்த வருவதுபோல் கெட்டியாக்குங்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை இருப்பவர்கள் மூச்சடக்கிச் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.
- பாதை: பார் நேர்கோட்டில் மேலே போக வேண்டும். வழியில் இருப்பது உங்கள் முகம். எனவே பார் முகத்தைச் சுற்றிப் போகக் கூடாது. முகம்தான் கொஞ்சம் பின்னால் விலகி வழிவிட வேண்டும். பார் நெற்றியைத் தாண்டியதும் தலையை மீண்டும் முன்னால் கொண்டு வாருங்கள்.
- முடிவு: முழங்கை நீண்டு, பார் உங்கள் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.

முதுகு பின்னால் வளைய ஆரம்பித்தால் எடை அதிகம் என்று அர்த்தம். ஒலிம்பிக் நடுவர்களைத் திணறடித்த அதே வித்தையை நாம் இடுப்பைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டாம்.

வாரத்தில் எத்தனை நாள்?

வாரம் ஒருமுறை, அதுவும் பெஞ்ச், இன்க்லைன் எல்லாம் முடித்துக் களைத்த பிறகு கடைசியில் ஒரு 3 செட். பலருடைய ஷோல்டர் பிரஸ் இப்படித்தான் நடக்கிறது. மிச்சம் மீதியைக் கொடுத்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

வாரத்துக்கு 2 நாள் வையுங்கள். ஒரு நாள் பிரஸ்தான் முதல் பயிற்சி: கனமாக, 5 முறை வீதம் 3 முதல் 5 செட். இன்னொரு நாள் எடையைக் குறைத்து 8 முதல் 10 முறை வீதம் 3 செட். செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிடம் ஓய்வு. அந்த நேரத்தில் ரீல்ஸ் பார்த்தால் 10 நிமிடம் ஆகிவிடும், ஜாக்கிரதை.

ஒவ்வொரு செட்டிலும் இன்னும் 1, 2 முறை தூக்கலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். ஒரே எடையில் தொடர்ந்து மூன்று முறை தோற்றால், 10 சதவீதம் குறைத்து மீண்டும் ஏறி வாருங்கள். 40-ல் மாட்டினால் 36. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே ரோயிங், புல்-அப் மாதிரி இழுக்கும் பயிற்சிகளும் வேண்டும்.

சாப்பாடும் முக்கியம். ஐசிஎம்ஆர் சாதாரணப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் புரதம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. காலையில் இரண்டு இட்லி, மதியம் லெமன் ரைஸ் என்று ஓட்டிவிட்டு பார் மேல் கோபப்படுவதில் பயனில்லை. முட்டை, மீன், சிக்கன், பருப்பு, சுண்டல், பனீர் என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

தோளுக்கு ஆபத்தில்லையா?

ஒரு சின்ன சோதனை. சுவரில் முதுகு, இடுப்பு இரண்டையும் ஒட்டி நின்று, கையை நீட்டி மேலே தூக்குங்கள். முதுகு சுவரைவிட்டு வளையாமல் கட்டைவிரல் சுவரைத் தொடுகிறதா? தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் பார்பெல் பிரஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். சாய்வான பெஞ்சில் டம்பெல்லோடு ஆரம்பித்து, கை அசைவு சரியாகும்போது படிப்படியாக நிமிருங்கள். கூர்மையான வலி, மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள் வலி இருந்தால் டிரெய்னர் சொல்லும் வைத்தியம் வேண்டாம். மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, ஜிம் உரிமையாளர்களுக்கு

எல்இடி சுவர், நியான் வாசகம், செல்ஃபி கண்ணாடி எல்லாம் இருக்கட்டும். கூடவே அரை கிலோ, 1.25 கிலோ பிளேட்டுகளில் இரண்டிரண்டு ஜோடியும், 15 கிலோ பார் ஒன்றும் வாங்கி வையுங்கள். ஒரு டிரெட்மில் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பாதியில் ஜிம்மை விட்டுப்போகும் பல புதியவர்களை, முக்கியமாகப் பெண்களை, அது தக்கவைக்கும்.

படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை மெம்பர்ஷிப் புதுப்பிக்கும்போது டிஸ்கவுன்ட் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "சின்ன பிளேட் எப்ப வாங்கப் போறீங்க?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும்.