நூற்றைத் தாண்டாத காய்ச்சல்

பிள்ளைக்கு 103 டிகிரி அடித்தால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடே பதறும். நடுராத்திரி என்றாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். 99.5 அடித்தால் அந்தப் பதற்றம் இருப்பதில்லை. "உள்காய்ச்சல்தான், சரியாப் போயிரும்" என்று கஷாயம் கொடுத்து, மறுநாள் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. வாரக்கணக்கில் வந்து வந்து போகும் சிறு காய்ச்சலை மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது. அதன் பின்னால் குரோன் என்னும் குடல் அழற்சி நோயும் இருக்கலாம்.

ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறித்துவைத்து, 1868இல் அதை நூலாக வெளியிட்டார். ஒரு நாள் அளவைவிட, பல நாள் அளவுகளின் ஏற்ற இறக்கமே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் தந்த பாடம். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆல்பட் தெர்மாமீட்டரைச் சட்டைப்பைக்குள் அடங்கும்படி சிறிதாக்கினார். வீட்டுக்குள் வந்த அந்தக் கருவியை நாம் அதிக காய்ச்சலை அளக்கவே பயன்படுத்துகிறோம். குறைந்த காய்ச்சலைத் தொடர்ந்து கவனிக்கவும் அது உதவும்.

1913இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டால்சியல், காசநோயைப் போலத் தோன்றினாலும் காசநோய் அல்லாத ஒரு குடல் வீக்கத்தை விவரித்தார். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் சேர்ந்த, இன்று குரோன் பெயரால் வழங்கும் நோய் அது. சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அது பெரும்பாலும் தாக்குகிறது. அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் இரத்தம் வழியே மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டும்போது உடல் லேசாகச் சுடுகிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு மூன்றும் சேர்ந்து தெரிவது ஏறக்குறைய கால்வாசிக் குழந்தைகளிடம்தான் என்று பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. சில பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், நின்றுபோன வளர்ச்சியும் மட்டுமே முதலில் தெரியும்.

நம் மண்ணில் நீடித்த காய்ச்சல் என்றாலே காசநோய் பற்றிய அச்சம்தான். அதற்குக் காரணம் உண்டு. 1928இல் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், ஏழை வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவுக்குக் குணமாகும் என்று நிரூபித்து, உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. காய்ச்சலும் மெலிவும் கண்டால் முதலில் டிபியைத் தேடும் பழக்கம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

குடல் காசநோயும் குரோன் நோயும் பெரும்பாலும் தாக்குவது ஒரே இடத்தை: சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையை. புண்ணும் ஒன்றுபோலத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் பிரித்தறிவது சிரமம். குரோன் மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் நீண்ட காலம் இங்கே நிலவியதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் தீராதபோது டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காசநோய் இருக்கும் குழந்தைக்கு, குரோன் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் அது உயிருக்கே ஆபத்து. ஆனால் மருந்து கேட்கிறதா என்பதைச் சில மாதங்களுக்குள் மறுபடி சோதிக்காமல் விடுவதுதான் தவறு. பத்து வயதில் நின்ற வளர்ச்சியை இருபது வயதில் மீட்க முடியாது.

ஏற்கெனவே குரோன் நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வரும் சிறு காய்ச்சல், நோய் மீண்டும் கிளம்புவதாலும் இருக்கலாம், தொற்றாலும் இருக்கலாம், வயிற்றுக்குள் சீழ் கட்டியதாலும் இருக்கலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்தும் விடும். ஆகவே மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடக்கூடும். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறியிலும் ஷிஃப்டிலும் நிற்கும் பெற்றோர், மாலையில் பிள்ளையின் உடம்பு சுடுவதைப் பார்க்க முடியாமல் போகலாம். பாட்டியோ பெரியம்மாவோ பார்த்துக் குறித்துவைத்தால் போதும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்; அதோடு ஒரு நோட்டும் போடுங்கள். காலை, மாலை வெப்பநிலை ஒரு பக்கம். மாதம் ஒருமுறை எடையும் உயரமும் மறுபக்கம். இரண்டு மூன்று வாரம் காய்ச்சல் விடாமல் தொடர்ந்தாலோ, போன வருடச் சீருடை இந்த வருடமும் அளவாக இருந்தாலோ, அந்த நோட்டோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அரசுக்கும் கடமை இருக்கிறது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையும், குழந்தைகளுக்கான குடல் உள்நோக்கிச் சோதனையும் அங்கேயே கட்டணமின்றிக் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். பள்ளி மருத்துவ முகாம்களில் எடுக்கும் உயர, எடை அளவுகளை ஆண்டுதோறும் ஒப்பிட்டு, வளர்ச்சி நின்ற பிள்ளைகளைத் தேடி அழைக்க வேண்டும். காசநோயை வீட்டு வாசல்வரை சென்று எதிர்கொண்ட மாநிலத்துக்கு இது இயலாத காரியமில்லை.