கூரை யார் கையில்?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவா மலைகளை உலுக்கிச் சென்றது. பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. வீடிழந்தோர் வாடகை வீடுகளில் குடியேறுவதற்குப் பண உதவி வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். அழிவு நேர்ந்தபோது அரிசியும் பாயும் கொடுத்துவிட்டுக் கைகழுவும் பழக்கத்தைவிட, ஒரு குடும்பம் தலைசாய்க்கத் தானே கூரை தேடிக்கொள்ளப் பணம் கொடுப்பது பன்மடங்கு மேலானது. ஆயினும், ஹாலிஎலப் பகுதித் தோட்டத் தொழிலாளி ஒருவர் அந்த அறிவிப்பைக் கேட்டுத் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. "பணம் தருகிறீர்கள், சரி, எந்த வீட்டை நான் வாடகைக்கு எடுப்பது?"

ஒரே வரிக் கேள்விதான். ஆனால் மலையகத்தின் நூற்றைம்பது ஆண்டுத் துயரம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதற்கு விடை காணாமல் வாடகை உதவியைப் பற்றிப் பேசுவது, வேரைப் பாராமல் இலைக்கு மருந்து தெளிப்பதற்கு ஒப்பாகும்.

இலவசம் என்னும் மாயை

"தோட்டத்திலே வீடு இலவசமாயிற்றே! வாடகையே கொடுக்காத மக்களுக்கு வாடகை உதவி எதற்கு?" என்று கேட்போர் உளர். படித்தவர்களும் கேட்கிறார்கள், பதவியில் இருப்பவர்களும் கேட்கிறார்கள்.

இலவசமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஓர் அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் படிப்பு. இந்தக் காம்பராவுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை வசூலிக்கப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் அதற்கு விலை இல்லை என்று யார் சொன்னது? சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் குரல் எழுப்பும்போதெல்லாம், "வீடு கொடுத்திருக்கிறோமே, அதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கம்பெனிகள் வாதாடுவதை நாம் கேட்டதில்லையா? கூலியைக் குறைத்து வாங்கப்படும் வாடகைக்கு இலவசம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

அதைவிடப் பெரிய விலை வேறொன்று இருக்கிறது. லயத்தில் வாழ்பவர் குடியிருப்பாளர் அல்லர். தோட்டத்தின் பதிவேட்டிலே ஒரு பேர். பேர் இருக்கும்வரை அறை உண்டு. பேர் வெட்டினால் அறையும் ஆட்டங்காணும். 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் நடந்ததை மலையகத் தொழிற்சங்க வரலாறு அறிந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். காணியை அரசாங்கம் வேறு தேவைக்காக எடுத்தது. அங்கே பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறவேண்டும் என்றார்கள். தலைமுறையாக வாழ்ந்த அறையிலே தங்கியிருந்தது அத்துமீறல் ஆயிற்று. அதையொட்டிப் பெரும் வேலைநிறுத்தமே எழுந்தது. வேலையும் வீடும் ஒரே முடிச்சாகப் போடப்பட்டால், முடிச்சை அவிழ்ப்பவன் முதலாளி; அவிழ்ந்ததும் தெருவில் நிற்பவன் தொழிலாளி. அன்று வெளிப்பட்ட உண்மை அதுவே.

அம்முடிச்சின் பிடி இன்றும் தளர்ந்துவிடவில்லை. தாயும் தந்தையும் ஓய்வு பெற்றபின், காம்பராவைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவேனும் பிள்ளைகளில் ஒருவர் மலையேறவேண்டும் என்ற அச்சம் எத்தனை இளைஞரின் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது! இந்த வாடகை எந்தக் கணக்குப் புத்தகத்திலே எழுதப்பட்டிருக்கிறது?

குடிவாரம் அறியாத குடிகள்

நகரத்து வாடகைக் குடிகளுக்கு இந்த நாட்டிலே சட்டம் துணை நின்ற காலம் உண்டு. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வீட்டுக்காரர் விரும்பியபடி வாடகையை ஏற்றாமலும், நினைத்த நேரத்தில் வெளியேற்றாமலும் தடுத்தது. அடுத்த ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மிஞ்சி வீடு வைத்திருந்தோரிடமிருந்து எடுத்த வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்க வழி செய்தது. கொழும்பிலே நேற்றுவரை வாடகை கொடுத்தவர் பலர் இன்று வீட்டுக்காரர் ஆனது அப்படித்தான்.

அதே காலத்திலே, 1972இலும் 1975இலும், காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கிற்று. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் மலைகள் அரசாங்கத்தின் மலைகளாயின. ஆனால் அம்மலைகளைப் பசுமையாக்கியவர் வசித்த அறை அவர்களுக்கு உரியதாயிற்றா? இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. நாடற்றவனுக்கு நிலம் ஏது, வீடு ஏது! 2003இல் குடியுரிமைச் சிக்கல் சட்டத்தால் ஏறக்குறைய முற்றாகத் தீர்க்கப்பட்டது. ஆனால் வாக்குச்சீட்டு வந்த வீட்டிற்கு, வீட்டின் உறுதி வரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளுக்குக் குத்தகையாகப் போனபோது, லயங்களும் அவற்றில் வாழ்ந்த மக்களும் குத்தகைப் பொருளோடு பொருளாகவே கைமாறினர்.

உதவிச் சீட்டின் சிறப்பு

வாடகை உதவி என்பது உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவிலே 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக அது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. வறிய குடும்பம் தன் வருமானத்தில் நூற்றுக்கு முப்பது பங்களவில் வாடகைக்குக் கொடுக்கிறது. எஞ்சியதை ஒரு வரம்புக்குள் பொது நிதியிலிருந்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த வீட்டில் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுப்பது குடும்பம்.

நமது கணக்கிலே இதை வைத்துப் பார்ப்போம். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,550 ரூபா என்றும், வருகைக்கு ஊக்கத்தொகை 200 ரூபா என்றும் அறிவிக்கப்பட்டது. ஆக 1,750 ரூபா. இருபத்தைந்து நாளும் வேலை கிடைத்தால் 43,750 ரூபா. அதில் நூற்றுக்கு முப்பது 13,125 ரூபா. வாடகை 20,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், உதவிச் சீட்டு கொடுக்கவேண்டியது 6,875 ரூபா மட்டுமே. மழையாலோ நோயாலோ பதினைந்து நாளே வேலை கிடைத்தது என்றால் வருமானம் 26,250 ரூபா. குடும்பத்தின் பங்கு 7,875 ரூபாவாகக் குறைய, சீட்டின் பங்கு 12,125 ரூபாவாக உயரும். கொழுந்து குறைந்த மாதத்திலும் கூரை குறையாது என்பதே இதன் சிறப்பு. பேர் வெட்டினாலும் கூரை வெட்டுப்படாது என்பது அதனினும் சிறப்பு.

பிள்ளைகளின் எதிர்காலத்தையும் இது மாற்றவல்லது. 1990களில் போஸ்டன், சிக்காகோ உள்ளிட்ட ஐந்து நகரங்களில், வறுமை மண்டிய குடியிருப்புகளிலிருந்து வேறு பகுதிகளுக்குச் செல்லக் குடும்பங்களுக்கு உதவிச் சீட்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு வயதிலேயே அவ்வாறு இடம்பெயர்ந்த பிள்ளைகள் வளர்ந்தபின், ஏனையோரைவிட நூற்றுக்கு முப்பது பங்குக்கும் அதிகமாகச் சம்பாதித்தார்கள் எனப் பின்னர் நடந்த ஆராய்ச்சி காட்டியது. பெற்றோரின் கூலி மாறியதால் அன்று. பிள்ளை வளர்ந்த சூழல் மாறியதால்.

குறைகளும் உண்டு. மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. அந்த நாட்டிலே தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அத்தகைய உதவி எட்டுகிறது. கையில் சீட்டு இருந்தும், "உங்களைப் போன்றவர்களுக்கு வீடில்லை" என்று கதவடைக்கும் வீட்டுக்காரர்கள் உளர். வீடு கிடைக்காமலே சீட்டைத் திருப்பிக் கொடுப்போரும் உளர். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தக் கதி என்றால், ஊவாவின் மலைச்சரிவில் என்ன நடக்கும்?

பணம் இருந்தும் வீடில்லாத மலை

என்ன நடக்கும் என்று ஊகிக்கவேண்டியதில்லை, நடந்திருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போகச் சொன்னவர்கள் போகுமிடம் சொல்லவில்லை. உயிர் தப்பியோர் நெடுங்காலம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் அடைந்து கிடந்தார்கள். புது வீடு கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்தபோதும் வீடிழந்தோர் துயரம் சிறிதன்று. ஆயினும் வாடகைப் பணம் கையில் கிடைத்தவர் நடந்துபோகும் தூரத்தில் நகரம் இருந்தது. நகரத்திலே வாடகை வீடுகள் இருந்தன. மீரியபெத்தையிலே பணத்தைக் கொட்டியிருந்தாலும் வாடகைக்கு எடுக்க வீடு எங்கே? ஒரு மலை முழுவதும் ஒரு கம்பெனியின் குத்தகை. அதில் நிற்கும் கட்டடமெல்லாம் தோட்டத்தின் கட்டடம். சந்தையே இல்லாத இடத்திலே காசு மட்டும் என்ன செய்யும்?

ஹாலிஎலவின் நிலையும் இதற்குப் பெரிதும் விலகியதன்று. பண்டாரவளை வீதியும் புகையிரதப் பாதையும் தொட்டுச் செல்லும் ஊர்தான். பதுளை மிக அண்மையில்தான். எனினும் மலைகளுக்கிடையே ஒடுங்கிய ஊர். அங்கே வாடகைக்கு வரும் ஓரிரு வீடுகளுக்கும் சில மாத வாடகையை முற்பணமாகக் கேட்டால், நாட்கூலிக் குடும்பம் எங்கே போகும்? "தோட்டத்து ஆள்" என்ற ஒரு சொல்லிலே மூடிக்கொள்ளும் கதவுகளை எந்தச் சீட்டு திறக்கும்?

செய்யவேண்டியது என்ன?

ஆகவே வாடகை உதவி வேண்டாம் என்பதா நமது முடிவு? அன்று. வேண்டும்; புயல் அடித்த சில மாதங்களுக்கு மட்டுமன்று, ஆபத்தான சரிவுகளில் வாழும் ஒவ்வொரு வறிய குடும்பத்துக்கும் வேண்டும். ஆனால் அது பயன் தரும் வகையில் வேண்டும்.

முதலாவதாக, உதவி தோட்ட நிருவாகத்தின் கை வழியே போகலாகாது. குடும்பத்தின் பெயரில், அதிலும் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயரில், நேரே வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். இது இயலாத காரியமா? 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி வங்கிக் கணக்குகளுக்குத்தானே போகிறது! அந்தப் பாதையிலே வாடகை உதவியும் நடக்கட்டும்.

இரண்டாவதாக, முற்பணத்துக்கு அரசாங்கம் பிணை நிற்கவேண்டும். தொழிலாளியின் சொல்லை நம்பாத வீட்டுக்காரர் பிரதேச செயலகத்தின் கையெழுத்தையாவது நம்புவார்.

மூன்றாவதாக, வீடுகளை உண்டாக்கவேண்டும். தோட்டக் காணியின் சொந்தக்காரர் அரசாங்கமே. கம்பெனி குத்தகைக்காரர் மட்டுமே. ஆகவே "காணி இல்லை" என்ற பேச்சு எடுபடாது. மண் உறுதியான இடங்களைத் தேர்ந்து, வீதியோரமாக வாடகைக் குடியிருப்புகளைக் கட்டலாம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் பணி செய்ய 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளித்திருக்கிறதே. அந்தக் கதவு ஏன் பாதி திறந்தபடியே நிற்கவேண்டும்?

நான்காவதாக, வாடகை உதவி காணி உறுதிக்கு மாற்றாக ஆகிவிடலாகாது. இதை அழுத்திச் சொல்கிறோம். "மாதாமாதம் பணம் தருகிறோமே, ஏழு பேர்ச் காணி எதற்கு?" என்று நாளை ஒரு குரல் எழக்கூடும். 2025 அக்டோபரில் பண்டாரவளையிலே, இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அத்திட்டத்தின் பத்தாயிரம் வீடுகளோ 2017இல் அறிவிக்கப்பட்டவை. பத்திரம் கைக்கு வருவதற்கே எட்டு ஆண்டுகள் என்றால், அதுவரை அந்தக் குடும்பம் எங்கே வாழும்? அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவும் பாலமே வாடகை உதவி. பாலம் வேண்டும், ஆனால் பாலத்தின்மீதே ஒரு சமுதாயம் குடியிருக்க முடியாது.

பாதுகாப்பான கூரை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் பலம் பெரிது. வேலைநிறுத்தத்தின்போது அடி பணியாமல் நிற்கலாம். மகளை மேற்படிப்புக்கு அனுப்பலாம். மகன் மலையேறுவதா, நகரத்துக்குப் போவதா என்பதை அச்சமின்றித் தீர்மானிக்கலாம். தோட்டத்திலேயே உழைக்க விரும்பினாலும், விரும்பி உழைக்கலாம். வீட்டுக்காக அன்று, கூலிக்காக. இந்த உரிமை நகரத்து எழுதுவினைஞருக்கு உண்டு. கடைச் சிப்பந்திக்கு உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு உண்டு. தேயிலை பறிப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை?

மலை மீண்டும் சரியுமா என்பதை மழை தீர்மானிக்கும். சரியும்போது அதன் அடியிலே மனிதர் உறங்கிக்கொண்டிருப்பாரா என்பதை அரசாங்கம் தீர்மானிக்கிறது. வேலை கம்பெனியின் கையில் இருக்கட்டும். கூரை குடும்பத்தின் கைக்கு வரட்டும். அதற்கு முதற்படி வாடகை உதவி, முடிந்த படி காணி உறுதி. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்பதை ஆட்சியாளர் நாள் குறித்துச் சொல்லவேண்டும். மலையக மக்கள் காத்திருந்தது போதும்.