நாளைய உலகின் கதைகளை நம் பிள்ளைகள் பயிலட்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற ஆலோசனை தொடங்கிவிடுகிறது. வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பேருந்தேறிச் சென்று படிக்கும் பிள்ளைகளில் ஆங்கில இலக்கியம் பயில விரும்புவோரும் உண்டு. அறிவியல் புனைகதையையும், அதன் ஒரு கிளையான சைபர்பங்க் கதைகளையும், கணினித் திரைக்கென்றே படைக்கப்படும் மின்னிலக்கியத்தையும் இன்று இலக்கியத் துறைகள் பாடமாக ஏற்றுள்ளன. இதைக் கேள்வியுறும் பெற்றோரிடம் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இயந்திர மனிதன் கதையைப் படித்து என்ன பயன்? நம் மார்க்கத்துக்கு முரணானவற்றைப் பிள்ளை கற்றுவிட்டால் என்ன செய்வது? இரண்டுமே நியாயமான வினாக்கள். எனவே நிதானமாகச் சிந்திப்போம்.

சைபர்பங்க் என்பது 1980களில் அமெரிக்காவில் வடிவம் பெற்ற கதை வகை. வில்லியம் கிப்சன் 1984இல் வெளியிட்ட 'நியூரோமான்சர்' இதன் முதன்மையான நாவலாகக் கருதப்படுகிறது. தொழில்நுட்பம் உச்சத்துக்குச் சென்றிருக்கும். மனித வாழ்வோ தாழ்ந்து கிடக்கும். அரசுகளைவிடப் பெருநிறுவனங்கள் வலிமை பெற்றிருக்கும். மனிதர் வெறும் தகவல் தொகுப்பாகச் சுருங்கியிருப்பர். இதற்கு நெருக்கமான கதை தமிழிலும் உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி தேவைப்படும் ஒரு வருங்கால இந்தியாவைக் காட்டியது. நம் அண்டை நகரான வேலூரில் 1998ஆம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. ஆகவே இது நேற்று முளைத்த மோகமன்று.

நம் சமுதாயத்துக்கும் இத்துறை அந்நியமானதன்று. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் இதழில்தான் முதன்முதலில் அச்சேறியது. சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும், வானூர்தியில் பயணம் செய்யும் பெண்களை ஒரு முஸ்லிம் பெண்மணி அன்றே கற்பனை செய்தார். அவரே 1911இல் கொல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்கான பள்ளியையும் நடத்தத் தொடங்கினார். நம் காலத்தில், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் வில்லோ வில்சன் 2012இல் 'அலிஃப் தி அன்சீன்' என்ற நாவலை எழுதினார். வளைகுடா நகரொன்றில் அரசின் கண்காணிப்பிலிருந்து மக்களைக் காக்க முயலும் கணினி இளைஞன் ஒருவனின் கதை அது. அவன் தந்தை அரபியர், தாய் இந்தியர். வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு நம்மில் அரிது. அந்நாவலின் உலகம் நமக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை நம் பிள்ளைகளே சொல்வார்கள்.

கதைகள் இருக்கட்டும்; நடந்தவற்றைப் பாருங்கள். 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு நாளிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதுபோல் இரு செயலிகள் இணையத்தில் உலவின. பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதில் இழிவுபடுத்தப்பட்டனர். கைதானவர்களில் பொறியியல் மாணவர்களும் இருந்தனர். செயலியை உருவாக்கும் திறன் அவர்களிடம் இருந்தது. ஒரு படத்துக்குப் பின்னால் மானமுள்ள ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வுதான் இல்லை. மனிதரைத் தகவலாக மட்டுமே காணும் உலகம் எங்கே போய் நிற்கும் என்பதையே சைபர்பங்க் கதைகள் எச்சரிக்கின்றன. அவ்வெச்சரிக்கையை எல்லாரையும்விட நாம் அறிந்திருக்க வேண்டாமா?

இக்கதைகளில் போதைப் பொருளும் வன்முறையும் ஆபாசமும் இடம்பெறுவதை நாம் மறைக்கவில்லை. 'நியூரோமான்சர்' நாவலிலேயே அவை உள்ளன. ஆனால் நம் பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே கைப்பேசி இருக்கிறது. அதில் வருவதை அவர்கள் தனியே, இரவில், வழிகாட்டுவோர் இன்றிப் பார்க்கின்றனர். வகுப்பறையிலோ ஆசிரியர் முன்னிலையில், ஏன் இப்படி எழுதினார், இது சரியா என்று கேட்டுப் படிக்கின்றனர். கேட்ட செய்தியை ஆராய்ந்து உறுதிசெய்யுமாறு திருமறையின் 49ஆவது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எது?

மின்னிலக்கியத்தில் நமக்கு இன்னொரு பயனும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் இன்று உலகின் எந்த மூலையிலும் திரையில் கிடைப்பது அத்தகைய உழைப்பால்தான். ஆனால் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளும் முனாஜாத்துகளும் இன்னும் எத்தனையோ வீடுகளில் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. செஞ்சியில் தேசிங்கு ராஜனுக்காக மணப்பந்தலிலிருந்து எழுந்து 1714ஆம் ஆண்டுப் போருக்குச் சென்று உயிர்நீத்ததாகக் கதைப்பாடல் சொல்லும் முஸ்லிம் நண்பரின் கதை, நம் மண்ணின் கதை. அதை ஒலியாகவும் படமாகவும் எழுத்தாகவும் இணைத்து இணையத்தில் படைக்க ஒரு மாணவியால் முடியும். அவர் கற்கும் பாடமே அதற்கான வழியைக் காட்டும்.

இந்த ஒரு பாடம் மட்டும் வேலை வாங்கித் தராது என்பது உண்மையே. எனினும் மொழிபெயர்ப்பு, வசன எழுத்து, இணைய இதழியல், ஆசிரியப் பணி ஆகிய அனைத்துக்கும் இன்று திரையில் எழுதவும், எழுதியதை எடைபோடவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுதான். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பிள்ளை படிக்கும் கதையை இரவு உணவுக்குப்பின் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஐயம் இருந்தால் பேராசிரியரைச் சந்தியுங்கள். தடுப்பதற்கு முன் இம்மூன்றையும் செய்யுங்கள். பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!