கல்லறைச் சுவரும் கடைசித் தீர்ப்பும்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கல்லறைத் தோட்டத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள், நடுவே ஓடும் சுவருக்கும் சேர்த்து. மார்பளவு உயரமுள்ள சுவர். மேற்கே ஊர்க்காரர்களின் கல்லறைகள்: கிரானைட், சலவைக்கல், இரும்புக் கிராதி. கிழக்கே, காலனி என்று ஊர் சொல்லும் தெருக்களின் மண்மேடுகளும் மரச்சிலுவைகளும். பூசை முடிந்து பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துக்கொண்டே மேற்குப் பக்கம் முழுக்க நடந்தார். கிழக்குக்கு முறை வந்தபோது இருட்டிவிட்டது. சுவரோரமாக நின்றபடியே கையை ஓங்கி நாலு முறை வீசினார். தண்ணீர் எவ்வளவு தூரம் போகும்? முன்வரிசையில் விழுந்தது. பின்வரிசையில், மகனின் மேட்டுக்கு முன்னால் மெழுகுவத்தியைக் கையால் அணைத்துக்கொண்டு நின்ற ஒரு கிழவி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து தானே தெளித்துக்கொண்டாள்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனம் ஒன்றை அந்தச் சுவரின்மேல்தான் எழுதியிருந்தார்கள். பெயிண்ட் புதிது.

அடுத்த வாரம் அதே ஊரின் பள்ளி மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். இது வேறு சபை, வேறு மேடை. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், கிரியைகளால் யாருக்கும் இரட்சிப்பு இல்லை, நம்முடைய நீதியெல்லாம் கந்தைத் துணிதான், நம்பினவனுக்கு நியாயத்தீர்ப்பே கிடையாது என்று முழங்கினார். மைதானம் அல்லேலூயா என்றது. கேட்டவர்களில் சுவருக்கு மேற்கேயும் கிழக்கேயும் உறவினரைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். அந்த உபதேசத்தால் சுவருக்கு ஒரு கீறலும் விழவில்லை. விழாது என்பதாலேயே அது அங்கே அத்தனை சுகமாகக் கேட்கப்பட்டது.

சுவரைக் கட்டிக் காப்பவர்களைக் கண்டிக்கிறோம். அதைவிடக் கடுமையாக, அந்தச் சுவருக்கு வேதத்தைக் காவல் வைப்பவர்களைக் கண்டிக்கிறோம்.

ஒரு சபையில் விசுவாசம், கிரியை, கிருபை என்பார்கள்; இன்னொன்றில் நம்பிக்கை, நற்செயல், அருள் என்பார்கள். சொல்தான் வேறு. நம்பிக்கை இருந்தால் போதும், நடத்தையைக் கடவுள் கணக்கெடுக்க மாட்டார் என்ற சோம்பேறி உபதேசத்துக்குச் சபை வித்தியாசம் கிடையாது. இதைச் சொல்பவர்கள் எல்லாரும் பவுலைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இழுக்கட்டும். ஆனால் அவர் எந்தத் தகராறில் அந்த வார்த்தையைச் சொன்னார் என்பதை எந்த மேடையிலாவது சொல்கிறார்களா?

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். இடம் அந்தியோகியா. பேதுரு அங்கே புறவினத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபின் பக்கமிருந்து, சிலர் வந்து சேர்ந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு எழுந்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள், பர்னபாகூட எழுந்துவிட்டார். பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். மனிதன் நீதிமான் ஆவது சட்டத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்ற வாக்கியம் அந்தச் சண்டையின் நடுவில்தான் வருகிறது. பந்தியைப் பிரித்தவனின் தலையில் அடிக்க எடுத்த கோல் அது. அந்தக் கோலையே ஊன்றிக்கொண்டு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவன் இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பந்தியைப் பிரித்து உட்காருகிறான். செத்த பிறகும் பிரிந்தே படுக்கிறான்.

எபேசியர் கடிதமும் இப்படித்தான். கிருபையால் இரட்சிப்பு, கிரியையால் அல்ல என்ற இரண்டு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத ஞாயிறுபள்ளிப் பிள்ளை இல்லை. அடுத்த வசனமே நற்செயல்களுக்காக நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. இன்னும் நாலு வசனம் தள்ளினால் நடுச்சுவர் இடிந்த செய்தி வருகிறது. சுவர் என்ற சொல்லே இருக்கிறது, ஐயா! பிரசங்கங்கள் ஒன்பதாம் வசனத்தில் நின்றுவிடுவது தற்செயல் என்று நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

யாக்கோபின் நிருபத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று அவர் சொன்னதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அந்த இரண்டாம் அதிகாரம் எதில் தொடங்குகிறது? கோயிலுக்குள் உட்காரும் இடத்தில். தங்க மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, அழுக்குத் துணிக்காரனுக்கு நிற்கவோ காலடியில் உட்காரவோ இடம். இதைப் பார்த்துக் கொதித்த பிறகுதான் அவர் விசுவாசத்தையும் கிரியையையும் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார். எதிரும் புதிருமாக நிறுத்தப்படும் பவுலும் யாக்கோபும் கோபப்பட்டது ஒரே விஷயத்துக்குத்தான். ஒருவர் பந்தியைப் பார்த்து, மற்றவர் இருக்கையைப் பார்த்து.

லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று 1522-இல் எழுதினாரே என்பார்கள். எழுதினார். ரோமர் நிருபத்தை ஜெர்மனில் பெயர்த்தபோது மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை விசுவாசத்தோடு சேர்த்தவரும் அவரே. அவர் எதை எதிர்த்துக் கிளம்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? செத்தவர்களின் பேரில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து. பணம் மறுமையில் இடம் வாங்கித் தரும் என்ற எண்ணத்தை எதிர்த்து. கல்லறைத் தோட்டத்தில் சாதிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் லூத்தரை மேற்கோள் காட்டினால் அவரே எழுந்து வந்து கதவில் இன்னொரு தாளை அடிப்பார்.

நற்செயலை வற்புறுத்தினால் கத்தோலிக்க உபதேசம் என்றும், விசுவாசத்தைப் பேசினால் லூத்தரன் உபதேசம் என்றும் பிரித்துப் பேசும் காலமும் போய்விட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் ஏற்கப்படுகிறோம். ஏற்கப்பட்டவர்களை அந்த அருளே நற்செயலுக்குத் தயார்ப்படுத்துகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள், சீர்திருத்தச் சபைகள் 2017-இல். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுச் சண்டையை ஐரோப்பாவில் முடித்துக்கொண்டார்கள். அந்த அறிக்கையின் பெயரையாவது உங்கள் பங்கில், உங்கள் சேகரத்தில் யாராவது வாசித்ததுண்டா?

கடைசித் தீர்ப்புக்கு வருவோம். மத்தேயு 25. செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். அங்கே கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடையில்லாதவனுக்குத் துணி, நோயாளியை, சிறைப்பட்டவனைப் பார்க்கப்போனது. இந்தக் காட்சியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இரண்டு பக்கத்தாரும் தீர்ப்பளிப்பவரை ஆண்டவரே என்றுதான் அழைக்கிறார்கள். இடப்பக்கம் நிற்பவர்களின் வாயிலும் அதே சொல்தான்! இரண்டு பக்கத்தாருக்கும் தீர்ப்பு அதிர்ச்சியாகவே இருக்கிறது. வலப்பக்கத்தாருக்குத் தாங்கள் செய்ததே ஞாபகம் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பத்துச் சேலை கொடுத்துவிட்டு பிளெக்ஸ் வைக்கிறவர்களும், ஜன்னல் கண்ணாடியில் உபயம் எழுதுகிறவர்களும் அந்த மறதியை யோசித்துப் பார்க்கலாம். நற்செயலைக் கூப்பனாகச் சேர்த்துவைக்கும் பக்தியையும் நாங்கள் ஆதரிக்கவில்லை.

இந்த ஆறு செயல்களோடு திருச்சபை மரபு ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தது. தோபித்து நூலிலிருந்து வந்தது அது: இறந்தவரை அடக்கம் செய்தல். அரசனின் கோபத்துக்கு அஞ்சாமல், தெருவில் கிடந்த தன் இனத்தாரின் பிணங்களை எடுத்துப் புதைத்தவன் தோபித்து. இரக்கச் செயல் என்று நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்ட அடக்கத்தை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? தனி வண்டி, தனி வழி, தனிக் குழி. இந்த மண்ணில் கடைசித் தீர்ப்பு அன்றைக்கு ஏழாவது கேள்விதான் முதலில் வரும் என்று நினைக்கிறோம்.

தெரியாமல் நடப்பது என்று யாரும் சொல்ல முடியாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் விட்டொழிக்க வேண்டும் என்று 1833-இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே மாதாவைக் கும்பிட்டவர்களுக்குள் மூண்ட சாதிப் பிணக்கு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிரைக் குடித்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது நல்லது. பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டதும் பரிகாரம் சொல்வார்களே, அது எங்கே?

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் கிடைத்தது அவர்களுக்கு இன்றுவரை இல்லை. அந்த நாளைக் கறுப்பு தினமாக அனுசரிப்பது முற்றிலும் நியாயம். நாங்களும் கறுப்புத் துணி கட்டுகிறோம். ஆனால் அந்தக் கறுப்பு தின மேடையில் அரசைப் பார்த்துப் பாகுபாட்டை நீக்கு என்று முழங்கும் தலைவர்கள், தங்கள் கையெழுத்து ஒன்றால் இடிந்துவிடக்கூடிய சுவர்களை விட்டுவைத்திருப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கேட்டால் பதில் தயாராக இருக்கும். இது சமூக விஷயம், விசுவாச விஷயம் இல்லை என்பார்கள். கோயிலின் சாவி, கல்லறையின் பதிவேடு, தேர் போகும் தெரு எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது அது எப்படி வெறும் சமூக விஷயம் ஆகும்? மெதுவாக மனம் மாறட்டும் என்பார்கள். 1833-இலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த நவம்பர் 2-க்குள் கல்லறைத் தோட்டங்களில் சாதியைப் பிரிக்கும் ஒவ்வொரு சுவரும், வேலியும், தனி வாசலும் அகற்றப்பட வேண்டும். எந்தப் பங்கில், எந்தச் சேகரத்தில் இவை இருக்கின்றன என்று ஆயர்களும் பேராயர்களும் ஊர்ப்பெயரோடு பட்டியல் வெளியிட வேண்டும். மூடிவைத்த பட்டியல் வேண்டாம். இனி அடக்கம் வரிசைப்படி நடக்கட்டும், யார் முதலில் இறந்தாரோ அவருக்கு அடுத்த குழி. எல்லாருக்கும் ஒரே சவ வண்டி, ஒரே வழி. தேர்பவனி காலனித் தெருவுக்குள் போகவில்லை என்றால் அந்த ஆண்டு தேரே புறப்பட வேண்டாம். இதைத் தடுப்பவர் நிர்வாகக் குழுவிலோ கமிட்டியிலோ ஒரு நாளும் உட்காரக் கூடாது. மேடைப் பிரசங்கிகளிடம் ஒரே கோரிக்கை: கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பாதியில் ஆரம்பிக்காதீர்கள். பந்தியிலிருந்து ஆரம்பியுங்கள்.

சுவரை இடித்தால் சபை உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். அங்கே 1872-இல் திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டை மாதிரி இரண்டு கூடமாகக் கட்டினார்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், பீடம் மட்டும் பொது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இயேசு சபையின் கௌசானல் சுவாமி உள்ளே இருந்த பிரிவினைச் சுவரை இடித்துத் தள்ளினார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். கோயில் இன்றும் நிற்கிறது.