பேக்கேஜ் மிச்சம் என்கிற பொய்

"பேக்கேஜ்ல போயிடுங்க, தனியாப் போனா செலவு எகிறிடும்." வெளிநாட்டுப் பயணம் என்று எந்த வீட்டில் பேச்சு எடுத்தாலும் இந்த ஆலோசனை முதல் ஆளாக வந்து நிற்கும். அதுவும் பெயரே கேள்விப்படாத ஒரு தீவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அடங்கியதாக ஒரே விலையில் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம், சிக்கனம், பாதுகாப்பு என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அதை நம்புகிறவரின் பணத்தை அது மிச்சப்படுத்துவதில்லை. போகிற ஊருக்கும் அதனால் சேர வேண்டிய அளவு சேருவதில்லை.

நான் பேசுவது கேப் வெர்டே நாட்டைப் பற்றி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் பத்துத் தீவுகள். ஒன்பதில் மக்கள் வாழ்கிறார்கள். ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் போர்த்துகலின் பிடியில் இருந்து, 1975 ஜூலை 5 அன்று விடுதலை பெற்ற நாடு. மொத்த மக்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம். அதைவிடக் கூடுதலான கேப் வெர்டேக்காரர்கள் வெளிநாடுகளில் பிழைக்கிறார்கள் என்பார்கள். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் இப்போது குளிர்காலத்தில் அங்கே போய்வருகிறார்கள். நானும் போனேன், இரண்டு முறை.

முதல் முறை பேக்கேஜ். சால் தீவு. போர்த்துகீசிய மொழியில் 'சால்' என்றால் உப்பு. பெயருக்கு ஏற்ற தட்டையான வறண்ட நிலம், குடிநீரே கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. விடுதி வாசலில் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டினார்கள். ஏழு நாளும் அது கையில் இருந்தது. அந்தப் பட்டை என்ன செய்கிறது என்பது இரண்டாம் நாள்தான் புரிந்தது. வெளியே கடைத்தெருவில் ஒரு சின்ன உணவுக்கடை, வாசலில் மீன் சுடும் வாசனை. என் மனைவி நின்றாள். "உள்ளே ஏற்கெனவே காசு கட்டியாச்சே, இங்கே எதுக்குத் திரும்பக் கொடுக்கணும்?" என்றேன். திரும்பி நடந்தோம். இதுதான் 'எல்லாம் அடங்கியது' என்பதன் சூட்சுமம். முன்பணம் கொடுத்துவிட்டவன் ஊருக்குள் செலவழிக்கும் ஒவ்வொரு காசையும் இரட்டைச் செலவாக நினைப்பான். அவனை உள்ளேயே வைத்திருக்க வேலியும் காவலும் தேவையில்லை, அந்தக் கணக்கே போதும்.

சரி, உள்ளேயாவது லாபமா? விடுதி தன் விலையை எப்படிப் போடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை பதினொரு மணியிலிருந்து குடிப்பவரின் செலவையும், நான்கு தட்டு எடுத்து மூன்றை வீணாக்குபவரின் செலவையும் எல்லார் தலையிலும் சமமாகப் பங்கு போட்டுத்தான் அந்த ஒற்றை விலை வருகிறது. குடிக்காத, அளவாகச் சாப்பிடும் ஒரு குடும்பம் அதைக் கொடுத்தால், பக்கத்து மேசைக்காரரின் பில்லில் ஒரு பங்கைக் கட்டுகிறது என்றே பொருள். தீவைச் சுற்றிக் காட்டும் வண்டியும் படகுச் சவாரியும் தனிக்கணக்கு.

பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. வாடகை விமானம் வெளிநாட்டு நிறுவனத்துடையது, பயண முகவர் வெளிநாட்டவர், பெரிய விடுதிகளில் பல வெளிநாட்டுக் குழுமங்களுடையவை. தட்டில் வரும் உணவில் பெரும்பகுதி கப்பலில் இறங்கியது. வீட்டில் உட்கார்ந்து அட்டையைத் தேய்க்கும்போதே அந்தப் பணத்தில் கணிசமான பங்கு கேப் வெர்டேயின் கரையைத் தொடாமலே கணக்கு முடிந்துபோகிறது. விடுதிகள் வேலை கொடுக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுற்றுலாவால் வருகிறது. எங்களுக்குப் பரிமாறிய பையன் சாந்தோ அந்தாவ் தீவிலிருந்து வேலை தேடி வந்தவன். அவனிடம்தான் அந்தத் தீவின் பெயரை முதன்முதலில் கேட்டேன். தட்டிலிருந்த வாழைப்பழத்தில் வேறேதோ நாட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "எங்கள் ஊரில் இது மலை முழுக்க விளைகிறது" என்றான் அவன்.

இரண்டு தீவுகளுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். பிறகு ஏன் அந்தப் பழம் இங்கே இல்லை? விடுதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சாந்தோ அந்தாவின் பயிர்களை ஒரு வகை மரவட்டைப் பூச்சி அழித்துவந்தது. உருளைக்கிழங்கு முதலான பயிர்களை விடாது. அது மற்றத் தீவுகளுக்குப் பரவிவிடக் கூடாது என்று 1984இல் அந்தத் தீவின் விளைபொருள்களை வெளியே அனுப்பத் தடை வந்தது. பின்னாளில் விளைச்சலைச் சோதித்துச் சுத்தம் செய்து அனுப்ப ஒரு மையம் ஏற்பட்டு, தடை கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் சாலிலும் போவா விஸ்டா தீவிலும் விடுதிகள் முளைத்துப் பெருகிய காலத்தில், நாட்டிலேயே நன்றாக விளையும் தீவுகளில் ஒன்றின் உழவர்கள் அந்தச் சந்தைக்குள் நுழைய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பழம் பயணியிடம் போக முடியாத அந்த நாள்களிலும் பயணி பழத்திடம் போயிருக்கலாம். அதற்குத் தடை எதுவும் இருந்ததில்லை.

இரண்டாம் முறை அப்படித்தான் போனோம்.

சாந்தோ அந்தாவுக்கு விமானம் கிடையாது. தீவின் வடமுனையில் போண்டா டோ சோல் என்ற ஊரில் ஒரு சின்ன ஓடுதளம் இருந்தது. 1999 ஆகஸ்டில் அங்கே இறங்க வந்த சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்துபோனார்கள். அதன்பின் அந்தத் தளம் மூடப்பட்டது. இதனால்தான் பேக்கேஜ் விற்பவர்களின் பட்டியலில் இந்தத் தீவை எளிதில் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்கு வேண்டியது வாடகை விமானம் நேராக வந்து இறங்கும் மணல்வெளி. பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். 'அங்கே ஒன்றுமில்லை, அதான் யாரும் கூட்டிப்போவதில்லை' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லிஸ்பனிலிருந்து சான் விசென்ட் தீவின் மிண்டெலோ நகரத்துக்கு நேரடி விமானம் உண்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம். விமான நிலையத்துக்கு அந்த ஊர்ப் பாடகி செசாரியா எவோராவின் பெயர். துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எதிர்த்தீவின் போர்ட்டோ நோவோ. நடுவிலிருக்கும் கால்வாயில் காற்று பலமாக அடிக்கும். வாந்தி வருபவர்கள் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, காலடியில் ஒரு சாக்கு மாவைக் கெட்டியாகப் பிடித்தபடியே வந்தார்.

கரையில் இறங்கியதும் அலுகேர் ஓட்டுநர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அலுகேர் என்பது நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். எங்கள் வண்டியில் பதினான்கு பேர், ஒரு எரிவாயு உருளை, இரண்டு அரிசி மூட்டை. தலைக்கு 400 எஸ்குடோ கொடுத்தோம். ஒரு யூரோவுக்கு 110.265 எஸ்குடோ என்று நிலையான மாற்று விகிதம் இருப்பதால் கணக்குப் போடுவது சுலபம், நான்கு யூரோகூட ஆகவில்லை. 'சுற்றுலாப் பயணி' என்று தனி வண்டி பேசினால் பல மடங்கு கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். அவசரத்துக்குத்தான் அந்த விலை. அரைமணி நேரம் உட்கார்ந்து காத்திருக்கத் தெரிந்தவருக்கு ஊர்க்காரர் கொடுக்கும் அதே கட்டணம்.

கடலோரமாகப் புதுச் சாலை வந்துவிட்டாலும், பழைய மலைச்சாலையில் போகும் வண்டி கிடைத்தால் விடாதீர்கள். முழுக்கக் கையால் பதித்த கருங்கல். போர்ட்டோ நோவோ பக்கம் மலை எரிந்துபோன அடுப்பு மாதிரி இருக்கும், புல் பூண்டு கிடையாது. மேலே ஏற ஏற குளிர்கிறது, ஊசியிலை மரங்கள் வருகின்றன. முகட்டைத் தாண்டியதும் பனிமூட்டம் முகத்தில் அறைகிறது. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தை அந்த முகடு தடுத்து நிறுத்திக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் பாலை, மறுபக்கம் கரும்பு, வாழை, மரவள்ளி. டெல்காடின்ஹோ என்ற இடத்தில் சாலை அகலத்துக்கு மட்டுமே மலை மிச்சமிருக்கிறது. இரண்டு பக்கமும் பாதாளம். வண்டியில் பேச்சு நின்றுபோனது.

இன்னொரு நாள், அதே சாலையில் கோவ என்ற எரிமலைவாயின் விளிம்பில் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து பவுல் பள்ளத்தாக்கு வழியாகக் கடல்வரை நடந்தோம். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். வளைந்து வளைந்து இறங்கும் கல்பாவிய பாதை. பெண்கள் தலைச்சுமையோடு எதிரே ஏறி வந்தார்கள். இந்தத் தீவுகளில் 1940களில் இரண்டு கொடும் பஞ்சங்கள், பல்லாயிரம் பேர் மாண்டார்கள். விடுதலைக்குப் பிறகும் வறட்சி விடவில்லை. மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அரசு கல் பதிக்கும் வேலையும் தடுப்பணை, படிவயல் கட்டும் வேலையும் வைத்தது. பசித்த கைகள் அடுக்கிய கல்லின்மேல் நடக்க இன்றைக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. நாட்டிலேயே மிக அழகான காட்சி எதுவென்று என்னைக் கேட்டால், இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பாதையைத்தான் சொல்வேன்.

பள்ளத்தாக்கில் ஒரு வீட்டு மாடியில் அறை. இருவருக்கும் காலைச் சாப்பாட்டோடு 3,000 எஸ்குடோ. அந்தக் காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கசூப்பா என்பது சோளமும் பயறு வகைகளும் கிழங்கும் சேர்த்து மணிக்கணக்காக வேக வைப்பது. முதல் நாள் மிஞ்சியதை மறுநாள் காலை வெங்காயம் போட்டு இரும்புச் சட்டியில் வதக்குவார்கள். அடி லேசாகக் காந்தும் வரை கிளறாமல் விட்டு, பிறகு ஒரே புரட்டு. மேலே ஒரு முட்டை. வீட்டுக்கார அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நேரே தட்டில் தட்டினார். கறி போடாமலும் செய்து தருவார்கள், சொன்னால் போதும். பின்கட்டில் பறித்த வாழைப்பழம் கூடவே வந்தது. மதியத்துக்கு ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ். இரவுச் சாப்பாடு தலைக்கு 900. அலுகேர், தண்ணீர் எல்லாம் சேர்த்தாலும் இருவருக்குமாக நாளைக்குச் சராசரி 50 யூரோவைத் தாண்டவில்லை. விமானச் சீட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சாலில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்குக் கொடுத்தது இதைவிடக் கூடுதல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்றதும் சிலர் பேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த அம்மாவிடம் 3,000த்தை 2,000 ஆக்கச் சொல்லி ஒரு ஐரோப்பிய இளைஞன் மல்லுக்கு நின்றதைப் பார்த்தேன். அதுவும் பேக்கேஜ் புத்தியின் தம்பிதான். இரண்டுக்கும் ஊர்க்காரர் கையில் எவ்வளவு சேர்கிறது என்ற கேள்வியே கிடையாது. ஊர் விலையைக் கொடுங்கள். அதுவே மலிவுதான்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து போனால் விமானச் செலவு மலையாக நிற்கும், உண்மை. ஆனால் அந்தச் செலவு பேக்கேஜுக்கும் உண்டு. மொழி தெரியாது என்பார்கள். பேசுவது கிரியோல், எழுதுவது போர்த்துகீசியம். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறைய. எனக்கு இவற்றில் எதுவும் தெரியாது, கைச்சைகையிலும் எழுதிக் காட்டிய எண்களிலும் எட்டு நாள் ஓடிப்போனது. கைக்குழந்தையோடு போகிறவர்கள், முட்டி வலியுள்ள பெரியவர்கள் ஒரே இடத்தில் தங்க நினைப்பதில் தப்பே இல்லை. அவர்கள் அதை ஓய்வுக்காக வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வாங்கட்டும். சிக்கனம் என்று சொல்லி மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கப்பல் நின்றுபோனால்? நின்றுபோகும். காற்று மிஞ்சினால் ஓடாது. அதனால் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மிண்டெலோவுக்கு வந்துவிட வேண்டும். கூடுதல் செலவு ஓர் இரவு அறை வாடகை. நாங்களும் அப்படித்தான் திட்டம் போட்டோம். கடைசி நாள் விடிவதற்கு முன்னே அலுகேர் வீடு வீடாக ஹாரன் அடித்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கார அம்மா இருட்டில் எழுந்து காபி போட்டுக் கொடுத்தார். வண்டி கடற்கரைச் சாலையில் போனபோது, என் மடியில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே தன் கூடையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். போர்ட்டோ நோவோவில் அவரை எழுப்பி அதைக் கொடுத்தேன். கூடை நிறைய மரவள்ளிக்கிழங்கு, மிண்டெலோ சந்தைக்கு.